குளிர்காலத் தொடக்கத்தைக் காட்டும் யதார்த்த ஓவியங்களில் பனி ஏன் வெள்ளையாக இருப்பதில்லை?

பனி தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. நேரடி வெயில் எட்டாத நிழலில் வானத்தின் ஒளி மட்டுமே விழுவதால் அங்கே பனி நீலம் பாரித்துத் தெரியும். மேகமூட்டமான நாளில் சாம்பல். தூய வெள்ளையை நல்ல ஓவியர் ஓரிரு இடங்களுக்கென்றே பத்திரமாக வைத்திருப்பார்.

ஆனால் குளிர்காலத் தொடக்கத்தில்தான் உண்மையான சவால். பனி மெல்லியது, மண்ணும் காய்ந்த புல்லும் அதை மீறி எட்டிப்பார்க்கும். ரஷ்ய ஓவியர் வசீலி பொலேனொவ் 1891-இல் வரைந்த ‘முந்தி வந்த பனி’யை நிதானமாகப் பாருங்கள். ஓக்கா ஆறு இன்னும் உறையவில்லை, ஈயம்போல் கறுத்துக் கிடக்கிறது. கரையில் பழுப்பேறிய புதர்கள். அந்தக் கருமையின் பக்கத்தில் இருப்பதால்தான் சாம்பல் கலந்த பனிகூட நம் கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று படுகிறது. நடுக்குளிர்கால ஓவியங்களைவிட இத்தகையவையே எனக்குப் பிடித்தவை. இரண்டு பருவங்களை ஒரே ஓவியத்தில் நிறுத்துவது எளிதல்ல.