அதன் மோசமான நாளைப் பாருங்கள்: மேஜிக் கார்டுகள் பற்றிக் கேள்வி பதில்

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தில் ஒரு கார்டு தேறுமா, தேறாதா, அதை ஒழுங்காக வடிவமைத்திருக்கிறார்களா என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஆளுக்கு 20 உயிர், அவரவர் சேர்த்துக் கொண்டுவரும் 60 கார்டு டெக். லேண்ட் கார்டுகள் மனா தரும். மனாவைச் செலவழித்துத்தான் மற்ற கார்டுகளை இறக்க முடியும். ஒருவர் தன் முறை வரும்போது ஒரு லேண்ட்தான் வைக்கலாம்.

கே: புதிய கார்டு ஒன்றைப் பார்த்ததும் நல்லதா இல்லையா என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கு எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது.

எல்லாமே நன்றாகத் தெரிவதற்குக் காரணம், கார்டில் எழுதியிருப்பது எல்லாம் நடக்கும் என்று வைத்துக்கொண்டு படிப்பதுதான். நான் முதலில் பார்ப்பது அதன் மோசமான நாளை. நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன், கையில் இந்த ஒரு கார்டுதான். இது எனக்கு என்ன செய்யும்?

1993 ஆகஸ்டில் வந்த முதல் பதிப்பிலேயே இதற்கு அருமையான பாடம் இருக்கிறது. ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஐந்து நிறத்துக்கும் ஒவ்வொன்றாக ஐந்து கார்டு வைத்தார். எல்லாமே ஒரு மனா, எல்லாமே ‘மூன்று’. வெள்ளையில் ஹீலிங் சால்வ்: 3 உயிர் கூட்டும், அல்லது 3 சேதம் தடுக்கும். நீலத்தில் அன்செஸ்ட்ரல் ரீகால்: 3 கார்டு எடுக்கலாம். கறுப்பில் டார்க் ரிச்சுவல்: 3 மனா. சிவப்பில் லைட்னிங் போல்ட்: 3 சேதம். பச்சையில் ஜயண்ட் குரோத்: ஒரு கிரீச்சருக்கு (சண்டை போடும் உயிரினக் கார்டு) அந்த முறை முடியும்வரை +3/+3, அதாவது அடிக்கும் பலம் மூன்று, தாங்கும் பலம் மூன்று கூடும்.

தாளில் ஐந்தும் சமம். மேசையில் அப்படி இல்லை. ரீகால் போட்டால் போன ஒரு கார்டுக்கு மூன்று வருகிறது. எந்த நேரத்திலும் அது வீணாகாது. அதனால்தான் இன்றைக்கு லெகசி வகை ஆட்டத்தில் அதற்குத் தடை, வின்டேஜில் டெக்குக்கு ஒன்றே ஒன்று. போல்ட் எதிராளியின் கிரீச்சரைக் கொல்லும், கிரீச்சரே இல்லையென்றால் ஆளையே அடிக்கும். அதற்கும் மோசமான நாள் கிடையாது. ஜயண்ட் குரோத்துக்கு உண்டு: நீங்கள் அதைப் போட்டவுடன் எதிராளி அந்தக் கிரீச்சரைக் கொன்றுவிட்டால், அவருடைய ஒரு கார்டுக்கு உங்களுடைய இரண்டு போயிற்று. ஹீலிங் சால்வ்? ஜெயிக்கும்போது அது தேவையில்லை. தோற்கும்போது பெரும்பாலும் தோல்வி ஒரு முறை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, ஒப்பிடுவது. இரண்டு மனாவுக்கு 2/2 என்றால் கிரிஸ்லி பேர்ஸ் ஞாபகம் வரவேண்டும். மூன்று மனாவுக்கு இரண்டு கார்டு என்றால் டிவினேஷன். புதிய கார்டு இதைவிட என்ன கூடுதலாகத் தருகிறது, அதற்கு என்ன வாங்கிக்கொள்கிறது என்று கேளுங்கள். பத்து அளவுகோல் கார்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தால் போதும்.

கே: அண்ணா, என்னிடம் பழைய கார்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. எவ்வளவு போகும்?

எந்தப் பதிப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் சொல்ல முடியாது. கார்டின் அடியில் இருக்கும் ஆண்டையும் வலது பக்கத்துச் சின்னத்தையும் வைத்துத் தேடுங்கள். யாரோ கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். ஓரங்களில் அது விடும் தடம் திரும்பப் போகாது.

கே: நானே ஒரு கார்டு வடிவமைத்தேன். ‘காவிரிக் காவலன்’, பச்சை, மூன்று மனா, 3/3. உங்கள் ஒவ்வொரு முறை தொடக்கத்திலும் 1 உயிர் இழந்து ஒரு கார்டு எடுப்பீர்கள். உயிர் போவதால் சமநிலை சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

பெயர் பிடித்திருக்கிறது. கார்டு ரொம்பப் பலம். 2001இல் வந்த ஃபைரெக்ஸியன் அரீனா என்ற கறுப்புக் கார்டைப் பாருங்கள். அதே மூன்று மனா, அதே 1 உயிர், அதே ஒரு கார்டு. ஆனால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், அடிக்காது, தடுக்காது. அப்படியிருந்தும் பலர் ஆசையாக டெக்கில் வைத்தார்கள். உங்கள் காவலன் அதே வேலையைச் செய்துகொண்டு கூடவே 3/3 உடம்போடு சண்டையும் போடுகிறான். இழந்த உயிரை அவனே தடுத்துக் காப்பாற்றிவிடுவான்.

உயிரை விலையாக வைக்கும்போது கவனம் வேண்டும். 20 உயிரில் கடைசி ஒன்றுதான் உண்மையில் மதிப்புள்ளது. மற்ற 19-ம் செலவழிக்கக் கூடிய பணம். 1995இல் நெக்ரோபொடென்ஸ் வந்தபோது, வழக்கமாக எடுக்கும் கார்டு கிடையாது, ஒவ்வொரு கார்டுக்கும் 1 உயிர் என்று படித்துவிட்டுப் பலர் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு போட்டிகளை அதுதான் ஆண்டது.

இன்னொன்று, நிறம். உயிரைக் கொடுத்துக் கார்டு வாங்குவது கறுப்பின் குணம். பச்சை பொதுவாகத் தன் கிரீச்சர்களை வைத்துத்தான் கார்டு எடுக்கும். நிறங்களுக்குள் வேலிகள் இருப்பதால்தான் டெக் கட்டுவது யோசிக்க வேண்டிய காரியமாகிறது. கறுப்புக்கு மாற்றி, நான்கு மனா, 2/2 என்று வைத்து மறுபடி அனுப்புங்கள்.

கே: போகிமான் கார்டுகளுக்கும் இதே கணக்குதானா?

போகிமான் என் துறை இல்லை. அதை ஆடுபவர்களிடம் கேளுங்கள்.

கே: ரேர் கார்டு என்றாலே பலமானது இல்லையா?

இல்லை. லைட்னிங் போல்ட் முதல் பதிப்பில் காமன். ஒரு மனாவுக்கு 2/1 என்ற எளிய கார்டான சவானா லயன்ஸ் அதே பதிப்பில் ரேர். எத்தனை அச்சடித்தார்கள் என்பதுதான் ரேர். விலை அதையும் ஆசையையும் பொறுத்தது. பலம் தனி விஷயம்.

கே: மேஜிக்கின் பெரிய வடிவமைப்புத் தவறே லேண்ட்தான் என்பேன். கை நிறைய நல்ல கார்டு இருந்தும் லேண்ட் வராமல் தோற்றால் அது என்ன ஆட்டம்? 2014இல் வந்த ஹார்த்ஸ்டோன் என்ற கணினிக் கார்டு ஆட்டத்தில் முறைக்கு ஒரு மனா தானாகவே வருகிறதே?

வலி எனக்கும் தெரியும். 60இல் 24 லேண்ட் வைத்தால், முதல் ஏழு கார்டில் ஒரு லேண்டோ அதுவும் இல்லாமலோ வருவது நூற்றில் சுமார் 14 தடவை. அது குறைவான எண் இல்லை.

ஆனால் லேண்டை எடுத்துவிட்டால் கூடவே என்ன போகும் என்று பாருங்கள். இரண்டு நிறம் வைப்பதா, மூன்று வைப்பதா என்ற கேள்விக்கு அர்த்தமே லேண்டால்தான் வருகிறது. மூன்றாவது நிறத்தின் சிறந்த கார்டுகள் வேண்டுமென்றால் தடுமாறும் ஆபத்தை ஏற்க வேண்டும். ஆறு மனா கார்டுகளை எத்தனை வைப்பது என்பதும் அதே பேரம்தான். அனுபவம் குறைந்தவர் அனுபவசாலியை இடையிடையே ஜெயிப்பதற்கும் இந்த ஏற்ற இறக்கம் ஒரு காரணம். புதியவர் திரும்ப வந்து ஆட அது வேண்டும்.

வலியைக் குறைக்கவும் தொடர்ந்து முயன்றிருக்கிறார்கள். 1998இல் சைக்ளிங் வந்தது: வேண்டாத கார்டைச் சிறு விலைக்குத் தள்ளிவிட்டு வேறொன்று எடுக்கலாம். 2019இல் லண்டன் மல்லிகன்: முதல் கை பிடிக்காவிட்டால் புதிதாக ஏழு எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை தடவை மாற்றினோமோ அத்தனை கார்டை, வேண்டாததாகப் பார்த்து, டெக்கின் அடியில் வைக்க வேண்டும். 2020இல் ஒரு பக்கம் மந்திரம், மறுபக்கம் லேண்ட் என்று இருமுகக் கார்டுகள்.

கே: (அதே நண்பர்) மேஜிக்கை வெளியிடுபவர்களே 2002இல் டூயல் மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தில் எந்தக் கார்டை வேண்டுமானாலும் மனாவாக வைக்கலாம் என்று மாற்றினார்களே? 2023இல் வந்த லோர்கானா ஆட்டமும் கிட்டத்தட்ட அதே வழி. தவறு என்று ஒப்புக்கொண்டது போலத்தானே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், இதற்கு நேரம் எடுத்தே பதில் சொல்கிறேன். டூயல் மாஸ்டர்ஸ் முறை எனக்குப் பிடிக்கும். எந்தக் கார்டைப் பலி கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கிறது. ஆனால் அங்கே கார்டை எடைபோடும் கணக்கே மாறிவிடுகிறது.

என் டிராஃப்ட் மேசையில் (புதுப் பாக்கெட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு கார்டாகத் தேர்ந்தெடுத்து, அதிலேயே டெக் கட்டி ஆடுவது) போன மாதம் நடந்தது. புதிதாக ஆடும் தம்பி ஒருவர் ஏழு மனா டிராகனை முதல் தேர்வாக எடுத்தார். மூன்றாவது ஆட்டத்தில் அந்த டிராகன் முதல் கையிலேயே வந்தது. நான்கு லேண்டோடு நின்றுபோனார். ஒவ்வொரு முறையும் அந்தக் கார்டைக் கையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். இறக்க வழியில்லாமல் தோற்றார். டூயல் மாஸ்டர்ஸில் அதே டிராகன் இரண்டாவது முறையிலேயே மனாவாகப் போயிருக்கும். அங்கே பெரிய கார்டுக்கு மோசமான நாள் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பெரிய கார்டுகளைத் தயங்காமல் வைக்கலாம். ஒரு நிறத்தில் மனா ஒன்றாவது இருந்தால் அந்த நிறக் கார்டை இறக்கிவிடலாம் என்பதால் நிறம் கலப்பதும் மலிவு.

தம்பிக்கு அந்தத் தோல்வி வேதனைதான். ஆனால் அந்த டிராகனுக்குப் பதில் நான்கு மனா கார்டை எடுத்திருக்கலாமே என்ற கேள்வி இருப்பது மேஜிக்கில்தான். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அந்தக் கேள்விதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறு கார்டு, ஐந்து கார்டு என்று கையைக் குறைத்துக்கொண்டே போய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து தோற்பவருக்கு இதைச் சொல்லி ஆறுதல் தர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருமுகக் கார்டுகள் எல்லாப் பதிப்பிலும் வரவேண்டும் என்பது என் ஆசை. கேள்வியும் தங்கும், வலியும் குறையும்.

கே: நான் லேண்ட் நண்பர் பக்கம். எனக்கும் லேண்டே வருவதில்லை. என் டெக்கில் 20 வைத்திருக்கிறேன்.

20 வைத்தால் முதல் கையில் ஒன்றோ பூஜ்யமோ வருவது நூற்றில் 25 தடவை. நான்கில் ஒரு ஆட்டம் தொடங்கும்போதே தடுமாறும். மலிவான கார்டுகள் மட்டுமே உள்ள டெக் என்றால் 20 சரி. இல்லையென்றால் முதலில் 24 வையுங்கள், அப்புறம் ஆட்டத்தைக் குறை சொல்லலாம்.

கே: என் மாமா தந்த பழைய கார்டுகள் இருக்கின்றன. விலை சொல்ல முடியுமா?

இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள். ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள்.

கே: போலிக் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கார்டின் பின்பக்கத்தில் ஐந்து நிற வட்டங்கள் இருக்கும். பச்சை வட்டத்துக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால், அசல் கார்டில் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில ‘எல்’ எழுத்து வடிவில் தெரியும். முன்பக்கத்தில் படம் புள்ளிப் புள்ளியாக அச்சாகியிருக்கும், ஆனால் கறுப்பு எழுத்துகள் சிதறாமல் ஒரே மையாக இருக்கும். போலிகளில் எழுத்தும் புள்ளிகளாக உடையும். பக்கத்தில் அதே காலத்து மலிவான அசல் கார்டு ஒன்றை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரு சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். கார்டை வளைத்துப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம்.

கே: பெரிய நிறுவனம், நிறைய ஆட்கள் சோதிக்கிறார்கள். அப்படியும் எப்படித் தவறான கார்டு வெளியே வருகிறது?

ஸ்கல்கிளாம்ப் கதை போதும். 2004இல் வந்தது. ஒரு மனாவுக்கு இறக்கலாம், ஒரு மனாவுக்குக் கிரீச்சரில் மாட்டலாம். மாட்டிய கிரீச்சருக்கு +1/-1. அது செத்தால் இரண்டு கார்டு. அந்த -1 ஒரு குறை போலத் தெரிகிறது. ஆனால் 1/1 கிரீச்சரில் மாட்டினால் அது உடனே சாகும், இரண்டு கார்டு கையில். அதாவது ஒரு மனாவுக்கு இரண்டு கார்டு, கிரீச்சர் இருக்கும்வரை திரும்பத் திரும்ப. அதே ஆண்டு ஜூனில், புதிய பதிப்புகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் வகையில் தடை செய்தார்கள். கடைசி நேரத்தில் எண்ணை மாற்றிவிட்டுப் போதுமான அளவு ஆடிப் பார்க்கவில்லை. 2019 அக்டோபரில் வந்த ஓகோ என்ற கார்டும் நவம்பரிலேயே அங்கே தடையானது.

கே: 2000இல் வாங்கிய கார்டு ஒன்று, விலை...

இரண்டாவது கேள்வி. இதற்குமேல் விலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

கே: காவிரிக் காவலனை மாற்றிவிட்டேன். கறுப்பு, நான்கு மனா, 2/2. இப்போது சரியா?

இப்போது ஆடிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு துண்டுத் தாளில் எழுதி, கார்டு உறையான ஸ்லீவுக்குள் ஒரு சாதாரண லேண்ட் கார்டுக்கு முன்னால் செருகுங்கள். டெக்கில் நான்கு பிரதி வையுங்கள், முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர நூற்றில் 40 வாய்ப்பு. பத்து ஆட்டம் ஆடுங்கள். அவன் கையில் வந்த ஒவ்வொரு தடவையும், அவனுக்குப் பதில் வேறு கார்டு வந்திருக்கலாமே என்று தோன்றியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிரில் ஆடுபவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.