கெய்ர்ன்கார்மில் மே மாதம் பனிச்சறுக்கு சாத்தியமா? லிஃப்ட் ஓடுமா?

கேள்வி: மே முதல் வாரம் எடின்பரோவிலிருந்து இரண்டு நாள் பயணமாக, ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையடியில் இருக்கும் ஏவிமோர் ஊருக்குப் போக நினைக்கிறோம். சுமாராக ஸ்கீ ஓட்டத் தெரியும். கெய்ர்ன்கார்மில் அப்போது பனி இருக்குமா? லிஃப்ட், மலை ரயில் இரண்டையும் நம்பலாமா?

பதில்:

பனி அநேகமாக இருக்கும். லிஃப்ட் ஓடும் என்று மட்டும் நம்பி அறை எடுக்காதீர்கள். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள்தான் ஏவிமோரிலிருந்து மேலே ஏறி வந்து, கார் பார்க்கில் நின்று மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெப்கேமராவில் மலை பாதி வெள்ளையாகவே தெரியும். அந்த வெள்ளை எங்கே கிடக்கிறது, லிஃப்ட் பாதையோடு சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோரி காஸ் பள்ளத்தின் அடியில் இருக்கும் கீழ் நிலையம் சுமார் 635 மீட்டர் உயரத்தில் உள்ளது. டார்மிகன் என்ற மேல் நிலையம் கிட்டத்தட்ட 1,100 மீட்டர். உச்சி 1,245 மீட்டர். ஆல்ப்ஸ் கணக்கில் இதெல்லாம் அடிவாரம்தான். இங்கே பனி தங்குவதற்குக் காரணம் காற்று. மரமே இல்லாத பீடபூமியில் விழும் பனியைத் தென்மேற்குக் காற்று அள்ளி வந்து வடக்கு, கிழக்குப் பார்த்த பள்ளங்களில் கொட்டுகிறது. மலை முழுக்க நீங்கள் பார்க்கும் மர வேலிகள் ஆடு மாடு தடுக்க அல்ல. பறக்கும் பனியைப் பிடித்து நிறுத்தப் போட்டவை. அதனால் ஒரு மேடு மார்ச்சிலேயே வெறும் கல்லாகிவிட, பக்கத்துப் பள்ளத்தில் மே மாதத்திலும் ஆளுயரத்துக்கு மேல் பனி கிடக்கும். டார்மிகன் கிண்ணம், கோரி காஸின் தலைச்சுவர் (பள்ளத்தின் மேல்முனைச் செங்குத்துச் சரிவு), ஒயிட் லேடி சரிவு, அடுத்த பள்ளமான கோரி நா கிஷ்தேயில் உள்ள கிஷ்தே கல்லி என்ற குறுகிய ஓடைப்பள்ளம் ஆகியவைதான் கடைசிவரை தாக்குப்பிடிப்பவை. அதுவும் நீளவாக்கில் பட்டை பட்டையாக.

லிஃப்ட் நிற்பது இதனால்தான். கெய்ர்ன்கார்மில் ஸ்கீ லிஃப்ட்கள் பெரும்பாலும் டி-பார் (இருவரை இழுக்கும் T வடிவக் கம்பி), போமா (ஒருவரை இழுக்கும் வட்டத் தட்டு) வகை. உங்களைத் தூக்கிச் செல்லாது. பனிமேல் நிற்க வைத்து இழுத்துச் செல்லும். தூண் வரிசை நேர்கோட்டில் போகும்போது, காற்று துடைத்துவிடும் மேடுகளையும் கடந்துதான் ஆக வேண்டும். சரிவில் ஐந்து மீட்டர் பனி இல்லையென்றால் ஸ்கீயைக் கழற்றி நடந்துவிடலாம். இழுவைப் பாதையில் அதே ஐந்து மீட்டர் இல்லையென்றால் லிஃப்டே நின்றுவிடும். ஊழியர்கள் பக்கத்துப் பனியை மண்வெட்டியால் அள்ளிப் போடுவார்கள், இரவில் பனியை அழுத்திச் சமமாக்கும் பிஸ்ட் பேஷர் வண்டி தள்ளிக் கொடுக்கும். கடன் வாங்கப் பக்கத்தில் பனி இல்லாத அன்று கதை முடிந்தது. மெலிந்த பனியில் பேஷரை ஓட்டினால் கீழே இருக்கும் ஹெதர் புதரும் மண்ணும் பெயர்ந்துவிடும் என்பதால் ஒரு அளவுக்குமேல் முயலவும் மாட்டார்கள்.

மூடும் வரிசை கீழிருந்து மேலே போகும். கார் பார்க் வரை சறுக்கி இறங்கும் பாதை முதலில் அறுபடும். பிறகு நடு மலை. கடைசியில் மிஞ்சுவது டார்மிகன் பகுதி. அதாவது ரயிலில் ஏறி, மேலே ஒரே டி-பாரைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, மாலையில் ரயிலிலேயே இறங்குவது. "மேல் மலை மட்டும் திறப்பு" என்று அறிவிப்பு வந்தால் இதுதான் அர்த்தம். சுமாராக ஓட்டத் தெரிந்தவருக்கு இது போதும். புதிதாகக் கற்றுக்கொள்பவரை அந்த நாளில் கூட்டிப் போக வேண்டாம். பயிற்சிச் சரிவு இருக்காது, இருக்கும் பட்டையும் குறுகலாக, ஆட்கள் நெருக்கமாக இருக்கும்.

இப்போது ரயில். 1961 முதல் இருந்த சேர்லிஃப்டுக்குப் பதிலாக 2001 டிசம்பரில் இந்த ஃபனிகுலர், அதாவது வடம் இழுக்கும் மலை ரயில், வந்தது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூண்களிலும் உத்திரங்களிலும் கோளாறு என்று 2018 செப்டம்பரில் நிறுத்தினார்கள். 2023 ஜனவரியில் திறந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடி மூடி, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடவிட்டார்கள். ரயில் இல்லாத ஆண்டுகளின் வசந்தத்தில் மேலே பனி இருந்தும், அதைத் தொட ஸ்கீயைத் தோளில் சுமந்து 460 மீட்டர் ஏற வேண்டியிருந்தது. ஸ்கீ ஷூவை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு விண்டி ரிட்ஜ் பாதையில் போனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே அறை முன்பதிவுக்கு முன் பார்க்க வேண்டியது பனி நிலவரத்தை அல்ல, ரயில் நிலவரத்தை. பனிச்சறுக்குக்கான டிக்கெட்டும் சுற்றுலாப் பயணிக்கான ரயில் டிக்கெட்டும் வேறு வேறு என்பதையும் கவனித்து வாங்குங்கள்.

அந்த வேறுபாடு முக்கியம். மேலே உள்ள பீடபூமி பாதுகாக்கப்பட்ட பகுதி. டாட்டெரல் போன்ற பறவைகள் தரையில் கூடு கட்டும் இடம், செடி ஒருமுறை மிதிபட்டால் தேற வருடக்கணக்காகும் இடம். அதனால் ஸ்கீ சீசன் முடிந்தபின் ரயிலில் வருபவர்களை மேல் நிலையத்திலிருந்து தன்னிச்சையாக மலைக்குள் விடுவதில்லை. வழிகாட்டியோடு போகும் நடை மட்டும் உண்டு. லிஃப்ட்தான் மூடியிருக்கிறது, ரயிலில் ஏறிப் போய் மிச்சமிருக்கும் பனியில் ஓட்டிக்கொள்வோம் என்ற திட்டம் பலிக்காது. ஆனால் கார் பார்க்கிலிருந்து சொந்தக் காலில் நடந்து போனால் யாரும் தடுக்க முடியாது. ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. விசித்திரமான ஏற்பாடுதான்: நடந்து வந்தவன் எங்கும் போகலாம், காசு கொடுத்து வந்தவன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பறவைகள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் புரியும்.

பனியின் தரத்துக்கு வருவோம். மே மாதப் பனி என்பது பலமுறை உருகி உறைந்த பெரிய மணிகள். இரவில் இறுகி, காலையில் கண்ணாடித் தரையாக இருந்து, மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் இளகியதும் ஓட்ட அருமையாகி, அதற்குமேல் போனால் கஞ்சியாகிவிடும். நடுவில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான் போகிறீர்கள். கிஷ்தே பள்ளத்தின் மேற்குச் சுவர் கிழக்கைப் பார்த்தது, காலை வெயிலில் முதலில் இளகும். ஒயிட் லேடி பக்கம் மேற்கைப் பார்த்தது, மதியத்துக்குப் பிறகு. கிஷ்தே பக்கம் இறங்கும் முன் வெஸ்ட் வால் போமா ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தின் பழைய சேர்லிஃப்ட்களை எப்போதோ அகற்றிவிட்டார்கள். போமா இல்லையென்றால் இறங்கியதை நடந்தே ஏற வேண்டும்.

இரவில் பனி இறுகியதா இல்லையா என்பதை வெப்பநிலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, அசையாமல் இருந்தால், காற்றின் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேல் 2 டிகிரி இருந்தாலும் பனியின் மேற்பரப்பு வானத்துக்கு வெப்பத்தை இழந்து உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அது நடக்காது. எல்லாவற்றிலும் மோசம், அட்லாண்டிக் பக்கமிருந்து ஈரமும் சூடுமாக வீசும் காற்று. அதிலுள்ள நீராவி குளிர்ந்த பனிமேல் பட்டு நீராகும்போது வெளிவிடும் வெப்பம், ஒரு கிராம் ஆவிக்கு ஏறக்குறைய ஏழரை கிராம் பனியை உருக்கப் போதும். இட்லிப் பானையின் ஆவி வெந்நீரைவிட மோசமாகக் கையைச் சுடுவதும் இதே கணக்குதான். எனவே மூடுபனியும் பலத்த காற்றுமாக 8 டிகிரியில் கழியும் ஓர் இரவு, வெயில் காய்ந்த ஒரு முழுப் பகலைவிட அதிகப் பனியைத் தின்றுவிடும். நேற்று வெப்கேமராவில் முழுசாகத் தெரிந்த லிஃப்ட் பாதை இன்று காலை அறுந்து கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். வானிலை அறிக்கையில் "தென்மேற்குக் காற்று, ஈரம், உறைநிலை உச்சிகளுக்கு மேல்" என்று இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மலை வானிலைக்கு எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலைத் தகவல் சேவையின் அறிக்கையையும் பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் மலை முன்னறிவிப்பையும் சேர்த்துப் படியுங்கள். உச்சியில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் தானியங்கி நிலையம் ஒன்று இருக்கிறது. பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கருவிகள் சூடாக்கப்பட்ட உருளைக்குள் ஒளிந்திருந்து அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளியே வந்து அளந்துவிட்டு உள்ளே போய்விடும். 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் காற்றைப் பதிவு செய்தது இதுதான். உங்களுக்குத் தேவையானவை அதில் வரும் இரவு வெப்பநிலையும் காலைக் காற்று வேகமும். கார் பார்க்கில் இதமாக இருக்கும் நாளிலும் மேலே காற்றால் லிஃப்ட் நின்றிருக்கலாம்.

சாமான் விஷயத்தில் ஒரே அறிவுரை: நல்ல ஸ்கீயைக் கொண்டு போகாதீர்கள். கெய்ர்ன்கார்மின் கல், பெரிய படிகங்கள் துருத்தும் கிரானைட். பட்டையின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் அதன் சரளை ஒரே கீறலில் ஸ்கீயின் அடித்தளத்தைப் பிளந்துவிடும். ஈரமான ஹெதர் புதரை மெதுவாகக் கடந்தால் ஸ்கீக்கு ஒன்றும் ஆகாது, செடிக்குத்தான் கேடு. ஆகவே அங்கும் கழற்றி நடப்பதே சரி. கீறல் விழுந்தால் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, பி-டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குச்சியைக் கொளுத்தி உருக்கி விட்டு, ஆறியபின் சுரண்டிச் சமமாக்கிவிடலாம். உலோக விளிம்புவரை பிளந்திருந்தால் அது நிற்காது, கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஈரப் பனி அடித்தளத்தைப் பிடித்து இழுக்கும், திடீரென்று பிரேக் போட்டதுபோல் முன்னால் சாய்வீர்கள். பூஜ்ஜியத்துக்கு மேற்பட்ட வெப்பத்துக்கான மஞ்சள் மெழுகு போட்டால் குறையும். காற்று கொண்டுவந்த பீட் (மக்கிய சதுப்பு மண்) தூளும் பாசியும் மெழுகில் ஒட்டும் என்பதால் மதியம் ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுப்பதானால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். மே மாதத்தில் கடை திறந்திருந்தாலும் ஸ்கீ உள்ளே போயிருக்கலாம்.

டி-பாரில் இந்தப் பருவத்துக்கே உரிய தொல்லை, பாதையில் விழும் ஆழமான தடங்கள். ஸ்கீ இரண்டையும் தடத்துக்குள்ளேயே விட்டு, முழங்காலைத் தளர்த்தி நில்லுங்கள். பாரில் உட்காரக் கூடாது. மெலிந்த அழுக்குப் பனி வரும் இடத்தில் வேகம் சட்டென்று குறையும், அங்கேதான் பலர் விழுகிறார்கள். விழுந்தால் பாரை விட்டுவிட்டு உடனே பக்கவாட்டில் உருண்டு வெளியேறுங்கள், அடுத்த ஜோடி பின்னாலேயே வருகிறது.

நடந்து ஏறுவதானால் ஆபத்துகள் வேறு. ஓடை மேல் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி ஓட்டாக நிற்கும். நீர்ச் சத்தம் கேட்டால் அதன்மேல் ஏறாதீர்கள். வேலித் தூண்களைச் சுற்றி வெயிலில் குழி விழுந்திருக்கும். காலையில் இறுகிய சரிவில் வழுக்கினால் அடிவரை நிற்காது, கிராம்பானும் (ஷூவில் மாட்டும் இரும்பு முட்கள்) ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) இல்லாமல் தலைச்சுவர் பக்கம் போக வேண்டாம். பக்கத்துக் கோரி அன் லோகனில் வழவழப்பான பெரிய கிரானைட் பலகை இருக்கிறது. வசந்தத்தில் அதன்மேல் உள்ள பனி மொத்தமும் ஒரே தட்டாகப் பெயர்ந்து விழும். அவலாஞ்ச் (பனிச்சரிவு) தகவல் சேவையின் தினசரி அறிக்கை ஏப்ரலோடு நின்றுவிடும் என்பதால் மே மாதத்தில் உங்கள் கண்தான் அறிக்கை. மாலையில் பேஷர் வேலை செய்யும்போது அந்தச் சரிவில் இருக்கவே கூடாது. செங்குத்தான இடத்தில் அது இரும்பு வடத்தில் கட்டித் தொங்கிக்கொண்டு ஓடும், அந்த வடம் கண்ணுக்குத் தெரியாது, சட்டென்று விறைத்து எழும்.

கெய்ர்ன்கார்ம் கைவிட்டால் மேற்கே இரண்டு வழி உண்டு. ஏவிமோரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏனாக் மோர் மலை. அங்கே 1989இல் தொடங்கிய கொண்டோலா (வடத்தில் தொங்கும் பெட்டி) கோடையிலும் சைக்கிள்காரர்களுக்காக 650 மீட்டர் வரை ஓடுகிறது, மேலே இறங்கி நடக்கத் தடையில்லை. கிழக்கு பார்த்த பின்பள்ளங்களில் பனி நெடுநாள் நிற்கும், ஆனால் கொண்டோலா முடியும் இடத்திலிருந்து 1,221 மீட்டர் உச்சி வரை உங்கள் கால்தான். மற்றது கிளென்கோ. எடின்பரோவிலிருந்து நேராகப் போனால் இதுவே கிட்டம். கார் பார்க்கிலிருந்து சேர்லிஃப்ட், பிறகு பனியற்ற சமவெளியைக் குறுக்கே நடந்து, அதற்கப்பால் மேல் லிஃப்ட்கள். மேல் லிஃப்ட் ஓடுவதாக முந்தின நாள் மாலை அறிவித்திருந்தால் மட்டும் கிளம்புங்கள். சேர்லிஃப்ட் மட்டும் என்றால் அது சுற்றுலாப் பயணிகளுக்கானது.