எல்லா ஊசியும் போட்ட பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் ஏன் வந்தது?

ஊசி ஒன்றும் தவறவிடவில்லை, பிறகும் எப்படி வந்தது, வீட்டுக்கு வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எதற்குப் பிள்ளையின் ஊசித் திகதிகள் எழுதிய கிளினிக் கொப்பியைப் புரட்டுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். 2019இல் இலங்கையில், முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் என் தங்கச்சியும் இதைத்தான் கேட்டாள்.

அவளுடைய மகளுக்கு அப்போது பதின்மூன்று மாதம். காய்ச்சல், வாந்தி. மூத்தவனுக்கு வாங்கி மிஞ்சியிருந்த அன்டிபயோட்டிக் பாணியை இரண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் விடியப் பிள்ளையைத் தூக்கினால் வீரிட்டு அழுகிறது, பாயில் கிடத்தினால்தான் அடங்குகிறது. அம்மா தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உச்சி பொம்மிக் கிடக்குது, இப்பவே கொண்டு போ பிள்ளை" என்றார். உச்சந்தலையின் மெத்தென்ற இடம் வீங்கி நின்றது. கழுத்து விறைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பல நேரம் அது விறைக்காது.

ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு நீர் எடுத்தார்கள். கலங்கியிருந்தது, பக்டீரியாதான் என்றார்கள். ஆனால் எந்தப் பக்டீரியா என்று வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் வளரவில்லை. முன்னமே கொடுத்த அந்தப் பாணி அப்படிச் செய்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. ஒரு வயதில் போடுவதை நம் சனம் 'மூளைக்காய்ச்சல் ஊசி' என்கிறது. அது நுளம்பு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு, அது வைரஸ். பக்டீரியாவால் வருவது வேறு. அதில் ஹிப் என்ற பக்டீரியாவுக்கான மருந்து 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய் ஊசிக்குள் இருக்கிறது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலைத் தடுக்கும். ஆனால் நியுமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ் என்று இன்னும் இரண்டு முக்கியமானவை உண்டு. அவற்றுக்கான ஊசி எங்கள் பிள்ளைக்குக் கிளினிக்கில் போடப்படவில்லை. ஆகவே போட்ட ஊசி வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள், மற்றப் பிள்ளைகளுக்கு நிறுத்தியும் விடாதீர்கள்.

பி.எச்.ஐ. வருவது குற்றம் பிடிக்க இல்லை. இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். மெனிங்கோகொக்கஸ் என்றால் வீட்டில் உள்ளவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். ஊசி போட்ட பிள்ளைக்கே ஹிப் வந்திருந்தால் அதுவும் மேலே சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் கொப்பியில் திகதி பார்க்கிறார். மிச்ச மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தங்கச்சி வெட்கத்தில் முதல் நாள் சொல்லவில்லை.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு விட்டதோடு விடாதீர்கள். இந்த நோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பெரிய பாதிப்பு மிஞ்சுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் காது முக்கியம். ஒரு மாதத்துக்குள் காது சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பிள்ளைக்கு வலது காது மந்தம். நேரத்தோடு தெரிந்ததால் இப்போது வகுப்பில் ரீச்சருக்குக் கிட்ட, இடது காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள்.