அவரையில் அசுவினி: அடுத்து எதைத் தெளிப்பது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்து அவரைக்கொடியின் நுனிகளில், சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை வேப்பெண்ணெயில் சோப்புத்தூள் கலந்து தெளித்தும் குறையவில்லை; இலை ஓரங்கள்தான் கருகின. இப்போது உடலெல்லாம் முள்ளும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்ட கறுப்புப் புழுக்களும் வந்துவிட்டன. எறும்புத் தொல்லை வேறு. இவற்றுக்கு எந்த இயற்கை மருந்தைத் தெளிக்கலாம்?

பதில்: அந்தப் புழுக்களின் மேல் எதையும் தெளிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பொறிவண்டின் இளம்புழுவுக்கு உரியவை. வண்டாக மாறும் முன்பே ஒரு புழு நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். பளபளப்பான வண்டை எல்லோரும் அறிவார்கள். முதலைக் குட்டி போல நீண்டிருக்கும் அதன் புழுவைப் பயிரின் எதிரி என்று நசுக்குபவர்களே அதிகம். அசுவினிக் கூட்டத்தின் நடுவே உப்பிப் பழுப்பேறி அசையாமல் கிடக்கும் அசுவினிகள் தென்பட்டால், அவற்றுக்குள் அசுவினியைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது என்று பொருள். அவற்றையும் விட்டுவைக்க வேண்டும்.

இத்தனை முறை தெளித்தும் அசுவினி ஏன் குறையவில்லை என்பதே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெண் அசுவினி ஆணின் துணையின்றியே நேரடியாகக் குட்டிகளை ஈனும். அக்குட்டிகளும் ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும் என்பதால், தப்பிப் பிழைத்த சிலவே நுனியை மீண்டும் நிரப்பிவிடுகின்றன. அவற்றைத் தின்னும் பூச்சிகளோ அத்தனை விரைவாகப் பெருகுவதில்லை. சோப்புக் கரைசல் நண்பன், பகைவன் என்று பார்க்காது. தன்மேல் படுகிற மென்மையான உடல் எதையும் கொல்லும். ஆகவே, இலையைத் திருப்பிப் பார்க்காமல் நாள் கணக்கு வைத்துத் தெளிக்கும் வழக்கம், தெளிப்பது இயற்கை மருந்தாகவே இருந்தாலும், அசுவினிக்குச் செய்யும் உதவி என்றே நான் கருதுகிறேன்.

எறும்பைத் தனித் தொல்லையாக நினைக்க வேண்டாம். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அது காவல் நின்று பொறிவண்டை விரட்டுகிறது. கொடியின் அடித்தண்டிலும் பந்தல் கால்களிலும் காகிதப் பட்டை சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். தண்டின் மீது நேரடியாகத் தடவக் கூடாது. பொறிவண்டுப் புழு இல்லாத நுனிகளில் காலை வேளையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பகுதி அசுவினி உதிர்ந்துவிடும். தழைச்சத்து மிகுந்த உரம் ஏதேனும் இட்டு வந்தால் நிறுத்துங்கள். அளவுக்கு மீறித் தளதளக்கும் இளந்தளிரையே அசுவினி நாடும்.

இலை கருகியதற்குச் சோப்புத்தூளின் காரமும், தண்ணீரில் சரியாகக் கலக்காத எண்ணெயும் காரணமாக இருக்கலாம். எண்ணெய் மேலே மிதந்தால், முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் தெளிப்பானிலிருந்து வரும். நான் எண்ணெயைவிட வேப்பங்கொட்டைச் சாற்றையே விரும்புவேன். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிதளவு காதி சோப்பைக் கரைத்து, அன்றைக்கே மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சிதைந்துவிடும்.

வேம்பு பூச்சியை உண்ணவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்வதால் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். ஒரு மணி நேரத்தில் பூச்சி செத்து விழும் என்று ‘மூலிகை மருந்து’ விற்கிறவரிடம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். உட்பொருள், அசாடிராக்டின் (வேம்பில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் பொருள்) அளவு, தயாரித்த நாள் ஆகிய மூன்றும் அச்சிடப்படாத புட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இயற்கை என்ற பெயரில் இரசாயனப் பூச்சிக்கொல்லியைக் கலந்து விற்பதும் நடக்கிறது.

நான் சொன்னவை அவரைக்குத்தான். கத்தரியில் முள் கொண்ட மஞ்சள் புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டி நரம்பை மட்டும் மிச்சம் வைத்தால், அவை அசுவினியைத் தின்பவை அல்ல. பொறிவண்டின் குடும்பத்திலேயே இலை தின்னும் எபிலாக்னா வண்டின் புழுக்கள். அவற்றைக் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுங்கள்.