ஆறாம் எண் சட்டைக்காரர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதக் கட்டுரையில், உங்களுக்கு மிகவும் பிடித்த கால்பந்து ஆட்டக்காரர் ஃபிராங்கோ பரேசி என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் பெயரே புதிது. தேடிப் பார்த்தேன். முதலில் வந்த காணொளியில் அவர் 1994 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பெனால்டியை வானத்துக்கு அடித்துவிட்டு அழுகிறார்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இதுவரை ஃபார்வர்டாக ஆடிவந்தவனை இந்த ஆண்டு பள்ளி அணியில் ஸ்டாப்பர் பேக்காக நிறுத்திவிட்டார்கள். "பின்னாடி நிக்கிறவனை யாருப்பா பார்ப்பாங்க? தப்பு பண்ணாதான் பார்ப்பாங்க" என்கிறான். அந்தக் காணொளியைப் பார்த்தபின் அவன் சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றுகிறது. இருபது வருடம் ஆடிய ஒருவரின் கணக்கில் கடைசியில் நிற்பது அந்த ஒரு உதை மட்டும்தானா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. ஃபார்வர்டு ஒன்பது வாய்ப்பைக் கோட்டைவிட்டுப் பத்தாவதில் கோல் போட்டால் அவனைத் தோளில் தூக்குவார்கள். பின்வரிசைக்காரன் ஒன்பது கோலைத் தடுத்துப் பத்தாவதை விட்டால் அந்த ஒன்றைத்தான் பேசுவார்கள். நடக்காமல் போன கோலுக்குக் கணக்கேடு கிடையாது. அதனால் ஒரு நல்ல பின்வரிசைக்காரரின் வாழ்க்கையை ஒரு துண்டுக் காணொளியில் பிடிக்க முடியாது. முழுதாகத்தான் சொல்லியாக வேண்டும்.

பரேசி 1960-இல் இத்தாலியின் பிரெஷியா பக்கத்தில் டிரவாலியாட்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அண்ணன் ஜுசெப்பேயை மிலான் நகரின் இன்டர் அணி சேர்த்துக்கொண்டது. தம்பி போனபோது, உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. அவர் அதே ஊரின் இன்னொரு அணியான ஏசி மிலானுக்குப் போய்ச் சேர்ந்தார். பதின்வயது முடிவதற்குள் அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். பிற்காலத்தில் மிலான் நகரின் இரண்டு அணிகளும் மோதியபோது, அண்ணன் ஒரு பக்கம் கேப்டன், தம்பி மறுபக்கம் கேப்டன் என்று நின்ற நாட்களும் உண்டு.

வளர்ந்த பிறகும் அவர் உயரம் ஐந்தடி ஒன்பதைத்தான் தொட்டது. தலையால் முட்டுவதில் அவரை மிஞ்சியவர்கள் பலர், ஓட்டத்தில் மிஞ்சியவர்களும் இருந்தார்கள். அவர் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே முன்னதாகவே நின்றார். 1978-இல் முதல் ஆட்டம். அடுத்த ஆண்டே, பத்தொன்பது வயதுகூட நிறையாத நிலையில், லீக் பட்டம் வென்ற அணியின் கடைசித் தடுப்பு அவர்தான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்வேன். சூதாட்ட ஊழலில் சிக்கியதால் 1980-இல் மிலானை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். மேலே வந்தார்கள். 1982-இல் மறுபடி இறங்கினார்கள், இந்த முறை ஆட்டத்தில் தோற்றே. அதே 1982 ஜூலையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியில் பரேசியும் இருந்தார், ஆனால் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்த ஒரு 22 வயது இளைஞன் ஊர் திரும்பி இரண்டாம் பிரிவு அணிக்குக் கேப்டன் ஆகிறான். அப்போது அவரை வாங்கிக்கொள்ள எந்தப் பெரிய அணியும் தயங்கியிருக்காது. அவர் போகவில்லை. 1997-இல் ஓய்வு பெறும்வரை அதே சட்டைதான். மிலானுக்காக 719 ஆட்டங்கள், ஆறு லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். ஓய்வுக்குப் பிறகு அந்த 6-ஆம் எண்ணை மிலான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

இனி அவர் செய்த வேலைக்கு வருகிறேன். 1987-இல் அர்ரிகோ சாக்கி பயிற்சியாளராக வந்தார். அதுவரை இத்தாலியில் வழக்கம், ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு தடுப்பது. எல்லாருக்கும் பின்னால் ஒருவர் தனியாக நின்று மிச்சத்தைத் துடைப்பார். பரேசி அந்தக் கடைசி ஆள். சாக்கி அதைக் கலைத்தார். டசோட்டி, கோஸ்டகுர்ட்டா, பரேசி, மால்டினி நால்வரும் கயிறு கட்டியதுபோல ஒரே வரிசை. கயிறு முன்னால் போனால் நால்வரும் முன்னால், பின்னால் வந்தால் நால்வரும் பின்னால். வரிசை முன்னேறும்போது எதிரணி ஃபார்வர்டு பின்னால் மாட்டிக்கொண்டால் ஆஃப்சைடு, அவனுக்குப் பந்து கொடுத்தால் தவறு. நால்வரில் ஒருவர் ஒரு எட்டு தாமதித்தாலும் கதை முடிந்தது, ஃபார்வர்டு தனியாகக் கோல்கீப்பர் முன்னால் போய் நிற்பான்.

அந்தக் கயிறு பரேசியின் கையில்தான் இருந்தது. எப்போது முன்னேறுவது என்பதை அவர் பந்தை வைத்திருப்பவனைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். இத்தாலியப் பயிற்சியாளர்கள் இதை 'மூடிய பந்து', 'திறந்த பந்து' என்பார்கள். பந்துக்காரன் முதுகைக் காட்டி நிற்கிறானா, நம் ஆள் ஒருவன் அவனை நெருக்குகிறானா, அப்படியானால் பந்து மூடியிருக்கிறது, மேலே ஏறலாம். தலை நிமிர்ந்துவிட்டதா, காலுக்கு இடம் கிடைத்துவிட்டதா, அப்படியானால் திறந்துவிட்டது, உடனே பின்வாங்க வேண்டும். இதைப் பார்த்து முடிவெடுத்து மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போக அவருக்குக் கிடைப்பது ஒரு நொடி. சட்டை காற்சட்டைக்கு வெளியே தொங்க, வலது கையை உயரத் தூக்கியபடி, ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கும் லைன்ஸ்மேனைப் பார்ப்பார். அந்தத் தூக்கிய கையை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

சாக்கி சொன்ன ஒரு பயிற்சிக் கதை உண்டு. கோல்கீப்பரும் இந்த நால்வரும் ஒரு பக்கம், மிலானின் நெதர்லாந்து நட்சத்திரங்களான குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட் உட்படப் பத்துப் பேர் மறுபக்கம். கால் மணி நேரம். பத்துப் பேரால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. 1989-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாக்கெடுப்பில் வான் பாஸ்டன் முதலிடம், ரைகார்ட் மூன்றாமிடம். நடுவில் இரண்டாமிடத்தில் பரேசி. 1993-94 பருவத்தில் மிலான் 34 லீக் ஆட்டங்களில் போட்டது 36 கோல்கள்தான். வாங்கியது 15. பட்டம் அவர்களுக்கு. கோல் போடுகிறவன்தான் பட்டம் வாங்கித் தருகிறான் என்று உங்கள் மகனிடம் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பெனால்டி.

1994 ஜூன் 23. நார்வேயோடு இத்தாலியின் இரண்டாவது ஆட்டம். பரேசியின் முழங்கால் சவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை. 34 வயதுக்காரருக்கு உலகக் கோப்பை அத்தோடு முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஜூலை 17 அன்று, காயம் பட்ட 24-ஆம் நாள், பாசடீனா ரோஸ் பவுல் மைதானத்தில் இறுதிப்போட்டிக்குக் கேப்டனாக இறங்கினார். உள்ளூர் நேரம் நண்பகல் பன்னிரண்டரை, மண்டையைப் பிளக்கும் வெயில். கோஸ்டகுர்ட்டாவுக்கு அன்று ஆடத் தடை. எதிரே பிரேசிலின் ஃபார்வர்டுகள் ரோமாரியோவும் பெபெட்டோவும். கூடுதல் நேரம் சேர்த்து 120 நிமிடங்கள். பிரேசில் கோல் போடவில்லை.

நமக்கு அது நள்ளிரவு ஒரு மணி ஆட்டம். பக்கத்து வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். கூட இருந்தவர்கள் எல்லாரும் பிரேசில் பக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் பாதியில் எப்போதோ என் கண் பந்தை விட்டுவிட்டு அந்த 6-ஆம் எண்ணைப் பிடித்துக்கொண்டது. ரோமாரியோ எங்கே திரும்பினாலும் அங்கே இந்த மனிதர் ஏற்கெனவே இருந்தார். விழுந்து புரண்டு தடுப்பதெல்லாம் குறைவு. கால் நீட்டிப் பந்தை எடுப்பார், தலை நிமிர்ந்து பாஸ் கொடுப்பார், வரிசைக்குத் திரும்புவார்.

அப்புறம் பெனால்டி வரிசையில் முதல் உதைக்கு அவரே போனார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நேப்பிள்ஸ் அரையிறுதியிலும் இத்தாலியின் முதல் உதை அவருடையதுதான். அன்று அர்ஜென்டினாவுக்கு எதிராக அது கோல் ஆனது, அது யாருக்கும் நினைவில் இல்லை. பாசடீனாவில் பந்து கம்பத்துக்கு மேலே போனது. முழங்காலில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மசாரோவின் உதை தடுக்கப்பட்டது, ராபர்ட்டோ பாஜியோவின் உதையும் மேலே போனது. பிரேசில் 3-2. பரேசி குழந்தைபோல அழுதார். பிரேசில் பக்கம் இருந்த எங்கள் கூடத்திலும் கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை.

அந்த உதைக்கு முன்னால் 120 நிமிடங்கள் இருந்தன. அந்தத் துண்டுக் காணொளியை வெட்டியவர் அதை உங்களுக்குக் காட்டவில்லை. இருபது வருடக் கணக்கில் கடைசியில் நிற்பது என்ன என்று கேட்டீர்கள். எனக்கு நிற்பது அந்த 120 நிமிடங்கள். அறுத்துத் தைத்த முழங்காலோடு ஆடி முடித்த பின்னும் முதல் ஆளாக நடந்து போனது, 1982-இல் அணியை விட்டுப் போகாத அதே மனிதர்தான்.

முழு ஆட்டத்தின் பதிவு தேடினால் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு உட்காருங்கள். பெனால்டி தொடங்குவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம், 6-ஆம் எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இருபது நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும், எழுந்து போகப் பார்ப்பான். விடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவனே உங்கள் தோளைத் தட்டி, "இப்ப மேல ஏறுவார் பாருங்கப்பா" என்பான். ஏறினாரா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.