இருமல் வைத்தியமும் கடைசிப் பக்கச் சிரிப்பும்

வாசகர் கேள்வி – பதில்

மூத்தோர் குடியிருப்புகளில் வசிப்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் செய்திகள், உடல்நலக் குறிப்புகள், நகைச்சுவைத் துணுக்குகள் ஆகியவற்றைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கடிதங்களில் பெரும்பாலானவை கோவையிலிருந்து வந்தவை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மாதந்தோறும் நான்கு பக்கச் செய்தி மடல் ஒன்றைத் தொகுத்து வருகிறேன். "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் மூச்சை இழுத்து விட்டுத் தொடர்ந்து பலமாக இரும வேண்டும், உயிர் பிழைக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அதில் வெளியிடச் சொன்னார் ஒரு பெரியவர். நான் தயங்கியதும் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார். நான் செய்தது சரியா?
– வாசகி, வடவள்ளி

பதில்: முற்றிலும் சரி. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே, 1999 வாக்கிலேயே, மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கிய செய்தி இது. மருத்துவமனையில் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே பரிசோதனை செய்யும்போது துடிப்பு திடீரெனத் தாறுமாறானால், அந்தச் சில நொடிகளுக்கு நோயாளியை இருமச் சொல்வதுண்டு. அது மருத்துவர் அருகில் நின்று செய்விக்கும் காரியம். வீட்டில் தனியாக இருப்பவர் தாமே செய்துகொள்ளும் முதலுதவியாக இதை அமெரிக்க இதயச் சங்கம் ஏற்கவில்லை. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் ஏற்படும் அடைப்பு. இருமி அதைத் திறக்க முடியாது. இருமிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம்தான் வீணாகும்.

அந்த இடத்தில் நீங்கள் போட வேண்டிய குறிப்பு வேறு. 108-ஐ அழையுங்கள். முன்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, கதவருகிலேயே உட்காருங்கள் அல்லது சாய்ந்துகொள்ளுங்கள். வாயிற்காவலருக்குச் சொல்லி, எந்த பிளாக், எந்த எண் என்று ஆம்புலன்ஸ்காரருக்கு வழிகாட்டச் செய்யுங்கள். ஒரே மாதிரி வரிசை வீடுகள் நிற்கும் குடியிருப்புகளில் வண்டி உள்ளே வந்த பிறகு வீட்டைத் தேடுவதில் நேரம் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலேயே, வெறும் மூச்சுத் திணறலாகவோ, குளிர்ந்த வியர்வையாகவோ, காரணமில்லாத களைப்பாகவோ வரக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்தப் பெரியவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அக்கறை இல்லாதவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்திருக்க மாட்டார். "நீங்கள் கேட்டதால்தான் விசாரித்தேன், ஐயா, சரியான குறிப்பு இது, உங்கள் பெயரிலேயே போடட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: "தாகம் எடுக்காவிட்டாலும் தினமும் நான்கு லிட்டர் தண்ணீர் குடியுங்கள்" என்று எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். என் இதய மருத்துவரோ ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது என்கிறார். எதைக் கேட்பது?
– வாசகர், தொண்டாமுத்தூர்

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், அந்த அறிவிப்பை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். வயதானால் தாக உணர்வு குறையும் என்பது உண்மை, கோடையில் நினைவூட்டுவதும் நல்லது. ஆனால் இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அளவு வேறு. என் அக்காள் அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். எட்டாம் நாள் காலையில், கையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு, "இன்னும் காபி வரவில்லையே" என்று மூன்று முறை கேட்டார். வயதின் மறதி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 118-க்கு இறங்கியிருந்தது. மருத்துவமனையில் மெல்ல மெல்ல ஏற்றி ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் அதை வயதின் மேல் போடாமல் உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதிப் போடுவதற்கு அந்தச் சுவரில் இடம் ஒதுக்கலாம்.

கேள்வி: "நவம்பருக்குள் உயிர்வாழ் சான்று தராவிட்டால் ஓய்வூதியம் நிற்கும்" என்று எங்கள் மடலில் வந்த செய்தியால் பலர் பதறிப்போனார்கள். இது எல்லோருக்கும் பொருந்துமா?
– வாசகர், கோவை

பதில்: பொருந்தாது. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டின் எந்த நாளிலும் தரலாம். தந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்கு அது செல்லும். மாநில அரசு ஓய்வூதியரின் நேர்காணல் முறை தனி. ஒரே தாழ்வாரத்தில் இந்த மூன்று வகையினரும் அடுத்தடுத்து குடியிருக்கும்போது, யாருக்கான செய்தி என்பதை முதல் வரியிலேயே சொல்லாத அறிவிப்பு பாதிப் பேரைக் காரணமில்லாமல் அலைக்கழிக்கும். விரல் ரேகை தேய்ந்து கருவியில் பதியாதவர்கள் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்று முறையில் முகத்தைக் காட்டியே சான்று தரும் வசதி 2021 நவம்பரில் வந்துவிட்டது என்பதையும் எழுதுங்கள். சான்று புதுப்பிக்கிறோம் என்று தொலைபேசியில் ஓடிபி கேட்பவர் மோசடிக்காரர். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: யார் மருத்துவமனையில் சேர்ந்தார், என்ன நோய் என்பதையெல்லாம் குழுவில் போடுகிறார்கள். இது முறையா?
– வாசகி, பேரூர்

பதில்: சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் போடலாம், நோயின் பெயர் எதற்கு? மரணச் செய்தி மட்டும் வேறு வகை. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்வரை உடல் குளிர்பெட்டியில் இருக்குமா, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதையும் குடும்பத்தார் ஒருவர் சொன்ன பிறகே போடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் மகள் தன் தந்தையின் மரணத்தைக் குழுச் செய்தி வழியாக அறிந்துகொள்ளும் கொடுமை நேரக் கூடாது.

கேள்வி: கடைசிப் பக்கம் நகைச்சுவைக்கு. சென்ற மாதம் காது கேளாத கணவனைப் பற்றி ஒரு துணுக்கு வந்தது. காதில் கருவி வைத்திருக்கும் என் கணவர் அன்று முதல் கூடத்துக்குச் சாப்பிட வருவதில்லை. தட்டை அறைக்கே வாங்கிக்கொள்கிறோம். இதைச் சொன்னால், "சிரிக்கத் தெரியாதவர்கள்" என்கிறார்கள்.
– வாசகி, கோவை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அறைக்குப் போகும் அந்தத் தட்டுதான் என்னை மிகவும் வருத்தியது. வெளி மனிதர்களோடு உட்கார்ந்து பேசி உண்பது மருந்துக்கு இணையாகத் தேவைப்படும் வயதில், ஒரு துணுக்கு ஒருவரை அறைக்குள் தள்ளிவிட்டது என்றால் தவறு துணுக்கின் மேல்தான்.

சிரிப்பு மன்றங்களைத் தொடங்கிய மருத்துவர் மதன் கட்டாரியா 1995 மார்ச்சில் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேரோடு கூடியபோது, முதலில் ஆளுக்கொரு நகைச்சுவை சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாட்களிலேயே நல்லவை தீர்ந்துபோய், பிறரைப் புண்படுத்துபவை வரத் தொடங்கின. சிலர் விலகப் பார்த்தார்கள். அதன் பிறகே, துணுக்கே இல்லாமல் சேர்ந்து சிரிக்கும் பயிற்சியாக அவர் அதை மாற்றினார். உங்கள் மடல்காரர்களுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும்.

காது மந்தமானவர் தன் காதைப் பற்றித் தானே சொல்லிச் சிரித்தால் கூடமே சேர்ந்து சிரிக்கும். அதையே இன்னொருவர் சொல்லும்போது அது விரல் நீட்டுவதாகிவிடுகிறது. யாரையும் தொடாமல் தமிழே சிரிப்பு மூட்டும் துணுக்குகளுக்குப் பஞ்சமில்லை. "வீட்டில் தினமும் நடப்பது உண்டா?" என்று மருத்துவர் கேட்கிறார். "உண்டு டாக்டர், ஆனால் நான் வாயைத் திறப்பதே இல்லை" என்கிறார் வந்தவர். இதைப் படித்து யார் சாப்பாட்டுக் கூடத்தை விட்டு எழுந்து போவார்?

மடல் தொகுப்பவர் உங்கள் கணவரின் அறைக்கு நேரில் வந்து அழைக்க வேண்டும். அச்சில் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அது மறுபடியும் அவரையே சுட்டிக்காட்டும்.

கேள்வி: எல்லோரிடமும் கைபேசி இருக்கும்போது மடலை எதற்காக அச்சிட வேண்டும்?
– வாசகர், வடவள்ளி

பதில்: எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோராலும் படிக்க முடிவதில்லை. கண்புரை அறுவைக்குக் காத்திருப்பவர், கை நடுக்கம் உள்ளவர், மகன் வாங்கித் தந்த கைபேசியை அழைப்பு வந்தால் எடுப்பதற்கு மட்டுமே பயன்படுத்துபவர் என்று உங்கள் பிளாக்கிலேயே சிலர் இருப்பார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு படியை மாட்டுங்கள். நிற்பவரின் கண்மட்டத்துக்கு மாட்டாமல், சக்கர நாற்காலியில் வருபவர் தலையைத் தூக்காமல் படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.