வாசகர் கேள்வி பதில்: சைரனுக்கு நடுவே ஓலைப் பந்தல்

கேள்வி: என் தங்கை இஸ்ரேலில் அஷ்தோத் நகரில், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். ஓலைப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் யூதர்களின் கூடாரப்பண்டிகைக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், விருந்தாளிகள் என 11 பேர் வருகிறார்களாம். "உங்க ஊர்ல ஓலைப் பந்தல் போடுவீங்களே, நீயே போட்டுடு" என்கிறார்கள். சண்டை நேரம், எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஓலை அப்புறம். காசா பக்கமிருந்து ராக்கெட் வந்தால், சைரன் ஒலித்தபின் ஒதுங்க டெல் அவிவில் 90 விநாடி கிடைக்கும், எல்லையோர ஸ்தெரோத்தில் 15தான். அஷ்தோத்துக்கு 45. அதற்குள் பாட்டி 'மமாத்' என்கிற கான்கிரீட் அறைக்குள் போய்க் கதவும் சாத்தியாக வேண்டும். பந்தல் போடும் இடத்திலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒருமுறை ஓடிப் பார்க்கட்டும். 30 விநாடியைத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். பெரும்பாலும் தடுக்குவது அந்த இரும்புக் கதவின் நிலைப்படியில்தான். அதற்கு ஒரு சரிவுப் பலகை போட்டு வைக்கலாம். அந்த அறை பொதுவாக 9 சதுர மீட்டர்தான் இருக்கும். இஸ்திரி மேசை, பழைய பெட்டி எல்லாவற்றையும் முதல் நாளே வெளியேற்றினால்தான் பதின்மூன்று பேர் நிற்க முடியும்.

முற்றம் தூரமா? கவலையில்லை. அவர்கள் 'சுக்கா' என்னும் அந்தப் பந்தலுக்கு (நம் மட்டன் சுக்காவோடு சம்பந்தமில்லை) குறைந்தபட்ச அளவு ஏழு கைப்பிடிச் சதுரம், அதாவது 60 செ.மீ. சொச்சம். வாசலை ஒட்டிச் சின்னதாக ஒன்று போட்டு, முதல் இரவு ஆலிவ் காய் அளவு ரொட்டியை அதில் சாப்பிட்டுவிட்டு, விருந்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கும், நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும், அங்கே உட்காருவதே வேதனை என்றிருப்பவருக்கும் யூத மரபே விலக்கு தருகிறது. தலைக்கு மேல் மட்டும் திறந்த வானம் வேண்டும். மாடி பால்கனிக்கு அடியில் போட்டால் செல்லாது.

இனி, நம் கைப்பழக்கம் காலை வாரும் இடம். நாம் கூரை போட்டபின் பக்கத்தில் தட்டி கட்டுவோம். அங்கே சுவர் முதலில், ஓலை கடைசியில். சுவருக்குத் துணி கட்டினால் காற்றில் படபடக்காமல் இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது சுவர் கணக்கில் சேராது. மழை ஒழுகாமல் நெருக்கி வேய்வதுதானே நம் பெருமை? அங்கே அது தப்பு. பகலில் வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும். இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும். பெருமழை பெய்தால் உள்ளே சொட்ட வேண்டும். பனையோலை அங்கே கிடைக்காது, பேரீச்ச மட்டைதான். பனங்கருக்கில் கை அறுபட்டவர்களும் கவனிக்க வேண்டும்: அதன் அடியில் ஊசி மாதிரி முள் இருக்கும். அரிவாளால் சீவிவிட்டே தூக்க வேண்டும். நாலைந்து நாளில் மட்டை காய்ந்து சுருங்கி இடைவெளி விழும், பத்து மட்டை உபரியாக வைத்திருக்கட்டும்.

காய்ந்த ஓலைக்குக் கீழே மெழுகுவத்தி வேண்டாம். வீட்டுக்குள் ஏற்றினாலும் குற்றமில்லை. 2026-இல் பண்டிகை செப்டம்பர் 25 வெள்ளி மாலை தொடங்குவதால் பண்டிகையின் முதல் நாளே யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள், சமைக்க முடியாது. சாப்பாடு முன்பே மின்தட்டில் சூடாகிக்கொண்டிருக்கும். பக்தியுள்ள வீட்டில் யாரும் போனைத் தொடமாட்டார்கள். எச்சரிக்கை வந்தால் மட்டும் பேசும் 'அமைதி அலை' வானொலியை வெள்ளி மாலைக்குள் போட்டுவைத்துவிடுவார்கள். உங்கள் தங்கையின் போனும் முழுச் சத்தத்தில் அவர் கையிலேயே இருக்கட்டும். உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாள் விதி எதுவும் குறுக்கே நிற்காது. கூட்டத்துக்கு இஸ்ரேல் ராணுவத்தின் உள்நாட்டுப் பாதுகாப்புத் தலைமையகம் வரம்பு அறிவித்தால், 11 பேர் என்பதையும் குறைக்கத்தான் வேண்டும்.

கேள்வி: அதே ஊரில் வேலை செய்யும் என் மதினிக்குப் பண்டிகைக்கு நெத்திலிக் கருவாடும் இறால் பொடியும் அனுப்பலாமா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: இறால், நண்டு, கணவாய், திருக்கை, சுறா எதுவும் அந்த அடுப்படிக்குள் நுழையக் கூடாது. துடுப்பும் செதிலும் உள்ள மீன்தான் ஆகும். நெத்திலிக்குச் செதில் உண்டு, ஆனாலும் கோஷர் (யூத உணவு விதிப்படி ஆனது) முத்திரை இல்லாத பொட்டலத்தை அவர்கள் சட்டியில் போட்டால் சட்டியே கெட்டதாகிவிடும். மதினிக்கென்று தனிச் சட்டியும் தனி அடுப்பும் இருந்தால், வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வாடை வேறு இருக்கிறது. மூடிய மமாத் அறைக்குள் அதைச் சேமித்து வைக்கச் சொல்லிவிடாதீர்கள்.